கைகாட்டி மாமாவும் மாப்பிள்ளை ஊர்வலமும்

உலகத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். கோயில் பிரகாரத்தைச் சுற்றும்போதுகூட, திரும்புவதற்கு முன்னால் கையை நீட்டிச் சைகை காட்டியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரைக் கைகாட்டி மாமா என்றே டெல்லி ஜனக்புரித் தமிழர்கள் அத்தனை பேரும் அழைத்தோம். ரேஷன் கடை வரிசையிலும் ஆபீஸ் வராந்தாவிலும் அவர் கை நீளும். கல்யாணப் பந்தியில் இடம் தேடிப் போகும்போது சட்டென்று கையை நீட்டுவார். ரசவாளியோடு பின்னால் வருகிறவர் அப்படியே நின்றுவிடுவார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது தெரிந்தவர்கள் அவருடைய மனைவியும் சம்பளம் பட்டுவாடா செய்கிற கிளார்க்கும்தான். மனைவி, கணவர் பெயரைச் சொல்ல மாட்டார்.

எழுபதுகளின் கடைசி அது. ஜனக்புரியில் அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. நான் ஒரு சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட், கல்யாணமாகாதவன், மொட்டை மாடியில் ஒற்றை அறை. பஸ் வரும், நிற்காது. நின்றால் ஏற முடியாது. ஏறிவிட்டால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்க முடியாது. ஆகவே சைக்கிள்தான் கதி. ஆனால் பெரிய ரோட்டில் லாரிகளும் பஸ்களும் பறந்த வேகத்துக்கு, சைக்கிள்காரன் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

இத்தனைக்கும் ரோட்டோரமாகவே அகலமான மண்பாதை ஒன்று இருந்தது. அதிலேயே போக முடிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். காலனி கட்டுவதற்கான செங்கல், மணல், ஜல்லி எல்லாவற்றையும் அந்தப் பாதையின் மேல்தான் மலைமலையாகக் கொட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குவியலைத் தாண்டவும் ரோட்டில் இறங்கி, குலதெய்வத்தை ஒருமுறை கூப்பிட்டுவிட்டு, மறுபடி மண்பாதைக்கு ஏற வேண்டும்.

எங்கள் வரிசையில் குடியிருந்த ஸ்டெல்லா சிஸ்டர் நாகர்கோவில்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை டூட்டிக்கு விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ்ஸே கிடையாது. ஒருநாள் மணல் குவியலைச் சுற்றி ரோட்டில் இறங்கியவரை ஒரு லாரி உரசிவிட்டுப் போயிற்று. முழங்கையில் கட்டோடு வீடு திரும்பினார். கணவர் பரம சாது, அதட்டக்கூடத் தெரியாதவர். அன்றைக்கு மட்டும், இந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட வேண்டும், சைக்கிளை விற்றுவிட வேண்டும் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

விசாரிக்கப் போன எங்களிடம் ஸ்டெல்லா அழவில்லை. "எங்க குடும்பத்துல மொதமொதலா சம்பளம் வாங்குன பொம்பள நாந்தான் சார். வேலய விட்டுட்டு வீட்டுல உக்காந்து நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். மாமா காபியைக் கீழே வைத்தார்.

"நீ எதுக்கு விடணும்? வழியை அடைச்சுண்டு இருக்கே அந்தச் செங்கல், அது போகட்டும்" என்றார்.

அப்படிப் பிறந்ததுதான் எங்கள் சைக்கிள் கோஷ்டி. ஞாயிற்றுக்கிழமை தோறும் தமிழ்க் குடும்பத்து ஆண்களும், தைரியம் உள்ள சில பெண்களும், ஜோடி ஜோடியாகப் பெரிய ரோட்டில் போக வேண்டும். சைக்கிளுக்கு வழி விடு என்று ஹிந்தியில் கோஷம் போட வேண்டும். இது மாமாவின் திட்டம். திரும்புகிற இடத்தில் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கை காட்ட வேண்டும் என்பது அவருடைய சட்டம். முதல் ஞாயிறு முதல் திருப்பத்தில் அத்தனை பேரும் ஒற்றைக் கையால் ஹாண்டில்பாரைப் பிடித்தோம். முன்னால் போனவர் பிரேக் போட்டார். பிறகு நாங்கள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தோம். அடுத்த ஞாயிறு பின்னால் வந்த பஸ் அடித்த ஹாரனில் கோஷ்டி மொத்தமும் ஒரு பட்டாணிக்காரன் தள்ளுவண்டிக்குள் போய்ச் சேர்ந்தது. ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்களே தவிர, வழி விடவில்லை.

ரோட்டைக் கவனிக்கிற ஆபீசுக்கும் மாமா நடையாய் நடந்தார். பெரிய சாஹிபைப் பார்க்க முடியவில்லை. வாசலில் இருந்த பியூன், கோஷ்டி வருகிற அன்றைக்கு சாஹிபே வந்து பார்ப்பார் என்று சொல்லி அனுப்பிவைத்தான். டெல்லியில் ஒரு வாரம் இருந்தவனுக்குக்கூட அதன் அர்த்தம் தெரியும். இருபது வருஷம் இருந்த மாமாவுக்குத் தெரியவில்லை. சர்க்கார் சொன்னால் செய்யும் என்று மனப்பூர்வமாக நம்பிய கடைசி சர்க்கார் ஊழியர் அவர்.

மாசம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. மாமா என் அறைக்கு வந்தார். அவர் முகத்தில் ஒரு பிரகாசம் இருந்தது. நான் செருப்பைத் தேடினேன்.

"ஓய், இந்த ஊர்ல மந்திரி கார் வந்தாக்கூட பஸ்காரன் ஹாரன் அடிப்பான். ஒண்ணே ஒண்ணு வந்தாதான் வாயை மூடிண்டு நிப்பான். என்ன சொல்லும் பார்ப்போம்."

"போலீஸ் ஜீப்பா?" என்றேன்.

"பராத். மாப்பிள்ளை ஊர்வலம்" என்றார் மாமா. "நம்ம கோஷ்டிக்கு பேண்டு வைக்கப்போறேன். நீர்தான் மாப்பிள்ளை."

கோஷ்டியில் கல்யாணமாகாதவன் நான் ஒருவன்தான் என்பதால் தப்ப வழியில்லை. ஞாயிறு காலை ஆண்கள் எல்லோரும் ஜரிகை வேட்டி, அதன்மேல் ஸ்வெட்டர். சிவப்புக் கோட்டுப் போட்ட பேண்டுக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை நான் என்று தெரிந்ததும் பேண்டு மாஸ்டர் தொழில் தர்மத்தை விட்டுக்கொடுக்காமல் எனக்குத் தலைப்பாகை கட்டி, முகத்தை மறைக்கிற பூச்சரத்தையும் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் என் முன் சக்கரம் மட்டும்தான்.

மாமா சொன்னது பலித்தது. பஸ்கள் நின்றன. லாரிகள் ஒதுங்கின. ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து பேண்டுக்கு ஆடிவிட்டுப் போனார். எந்த ரோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனோமோ, அதே ரோட்டின் நடுவில் சாவகாசமாக மிதித்தோம். பக்கத்தில் ஸ்டெல்லா சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கட்டுக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

மண்பாதை முடிகிற இடத்தில் ஒரு ஷாமியானாப் பந்தல் தெரிந்ததாம். வாசலில் மாலைகளோடு பெரியவர்கள் நின்றார்களாம். மாமா சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே, "பார்த்தேளா, சாஹிப் சொன்னபடி வந்துட்டார்" என்றார். பேண்டு மாஸ்டருக்கோ ஊர்வலம் என்றால் பந்தலில் போய் முடிவதுதான் வழக்கம். நேராக உள்ளே விட்டார்.

அது ஒரு சர்தார்ஜி வீட்டுக் கல்யாணம். சம்பந்தம் தபாலிலேயே முடிந்ததால் மாப்பிள்ளை வீட்டாரை அவர்கள் நேரில் பார்த்ததில்லை. மாப்பிள்ளைக்குத் தாம்பரத்தில் உத்தியோகம்; அவனோடு மதராஸி நண்பர்கள் வருவார்கள் என்று பெண் வீட்டில் எதிர்பார்த்தே இருந்திருக்கிறார்கள். வேட்டி கட்டிய கூட்டத்தைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. மாப்பிள்ளையை சைக்கிளில் பார்த்ததில் மட்டும் கொஞ்சம் வருத்தமாம்.

பஞ்சாபிக் கல்யாணத்தில் மில்னி என்று ஒரு சடங்கு உண்டு. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வாசலில் மாலை போட்டுக் கட்டித் தழுவிக்கொள்வார்கள். தழுவுகிற வேகத்தில் ஒருவரை ஒருவர் தூக்கிப் பார்ப்பதும் நடக்கும். பெண்ணின் அப்பா நல்ல ஆகிருதி. மாமாவுக்கு மாலை போட்டு, அணைத்து, தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குத் தூக்கினார். சர்க்கார் இவ்வளவு அன்பாக இருக்கும் என்று மாமாகூட எதிர்பார்க்கவில்லை. தரையில் கால் பட்டதும், இதுதான் சமயம் என்று செங்கல் குவியலைக் காட்டி, "ஏ சப் ஹடாயியே ஜி. ஹம்கோ ராஸ்தா சாஹியே" என்றார். இதையெல்லாம் எடுங்கள், எங்களுக்கு வழி வேண்டும், அவ்வளவுதான்.

பெண்ணைப் பெற்றவரின் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்று ஒன்று கேட்டால் பெண் வீட்டில் இல்லை என்று சொல்ல முடியுமா? அதோடு அந்தச் செங்கல்லும் மணலும் அவருடையதேதான். கட்டடச் சாமான் வியாபாரி அவர். கைகூப்பி, ஒரு வாரத்தில் பாதை முழுவதையும் காலி செய்து தருகிறேன், இது என் வாக்கு என்றார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் என்னை உள்ளே அழைத்துப்போக வந்தார்கள். ஒருவர் என் வாயில் லட்டுவைத் திணித்தார்.

அப்போதுதான் தூரத்தில் இன்னொரு பேண்டு கேட்டது.

நான் பூச்சரத்தை விலக்கிப் பார்த்தேன். ரோட்டில் குதிரைமேல் ஒரு மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தான். சர்தார்ஜி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஹிந்தி அத்தனையும் லட்டுவோடு தொண்டையில் நின்றுவிட்டது.

ஸ்டெல்லாதான் முன்னால் வந்தார். நோயாளிகளோடு பேசிப் பழகிய நல்ல ஹிந்தி அவருடையது. மணல் குவியல், லாரி, வீட்டில் பிறந்த உத்தரவு எல்லாவற்றையும் மெதுவாகச் சொல்லி, முழங்கைத் தழும்பைக் காட்டினார். சர்தார்ஜி அந்தத் தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்து, அப்படியானால் நீங்கள் யார் என்று கேட்டார். "சர்க்கார் கிளார்க்" என்றார் மாமா, மாலையைச் சரிசெய்துகொண்டே.

சர்தார்ஜி சிரித்த சிரிப்பில் ஷாமியானா ஆடியது. "கலே லக் கயே, தோ ரிஷ்தேதார் ஹோ கயே" என்றார். கட்டித் தழுவியாயிற்று, இனி நாம் உறவு. பெண் கல்யாணத்தில் கொடுத்த வாக்கை மாற்றுவதாக இல்லை. நிஜ மாப்பிள்ளை உள்ளே வரக் கொஞ்சம் வழி விட்டால் போதும் என்றார். வழி கேட்டு வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டோம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வயிறாரச் சாப்பிட்டோம்.

ஒரு வாரத்தில் பாதை காலியாகிவிட்டது. இதெல்லாம் சாஹிப் உள்ளே இருந்து செய்த ஏற்பாடு என்பது கடைசி வரை மாமாவின் கட்சி. ஸ்டெல்லாவின் கணவர் அந்த மண்பாதையில் ஒருநாள் சைக்கிளில் போய்த் திரும்பினார். வந்து மனைவியின் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டார். எங்கள் வரிசையே மூச்சு விட்டது.

குளிர் கடுமையாக இருந்த ஒரு விடியற்காலையில் மாடியிலிருந்து பார்த்தேன். பனிமூட்டத்தில் ஸ்டெல்லா மண்பாதையில் போய்க்கொண்டிருந்தார். நாலு சைக்கிள் தூரம் தள்ளி, குரங்குக் குல்லாய் போட்ட ஓர் உருவம், ஆளில்லாத திருப்பத்தில் கையை நீட்டியபடி. ஆபீஸ் பத்து மணிக்குத்தானே என்று சாயங்காலம் மாமாவைச் சீண்டினேன். இது தினமும் நடக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"பாதை சரியாயிடுத்து ஓய். எனக்குத்தான் இன்னும் பயம் தெளியலை. அவ ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள போனப்புறம்தான் எனக்குக் காபி இறங்கறது" என்றார்.

அதற்குப் பிறகும் நான் அவரைக் கேலி செய்வதை விடவில்லை. ஆனால் வேறு யாராவது செய்தால், சண்டைக்குப் போய்விடுவேன்.