வெற்றிலைக்குள் ஊர்க்கூட்டம்

கொட்டாஞ்சேனைக்கு வந்து அஞ்சனச் சுவாமிகளின் வீடு எது என்று எவரும் விசாரிக்க வேண்டியதில்லை. எந்த ஒழுங்கையில் ரிக்ஷாக்கள் திரும்ப இடமில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கின்றனவோ, அதுதான். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஒரு வருடம். அரிசிக்குக் கியூ, துணிக்குக் கியூ, அதற்கடுத்த பெரிய கியூ சுவாமிகளுக்கு. மலையாளத்து மாந்திரீகம் கற்றவராம். வெற்றிலையில் கரிய மையைப் பூசி, விளக்குக்கு முன்னால் பிடித்து உற்றுப் பார்ப்பார். களவுபோன காப்பு தெரியும். ஓடிப்போன மருமகன் தெரிவான். தன் வீட்டுக் கூரை எங்கே ஒழுகுகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. மழை பெய்தால் பக்தர்கள்தான் நகர்ந்து உட்கார வேண்டும்.

இந்தக் கியூவில் ஒரு நாள் ஈச்சம்புலம் முன்னேற்றச் சங்கத்தின் கொழும்புக் கிளை வந்து நின்றது. ஈச்சம்புலம் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னக் கிராமம். தலைமைச் சங்கம் எங்கே என்று கேட்கக்கூடாது. கிளை மட்டும்தான் உண்டு. ஊர் முன்னேறுவதற்கு முன்னமே முன்னேறிவிட்ட கனவான்கள் வெள்ளவத்தையில் கூடி, தேநீர் குடித்து, ஊரை முன்னேற்றுவார்கள்.

கிளையின் செயலாளர் ஸ்ரீஸ்கந்தராசா. கோட்டையில் கந்தோர் உத்தியோகம், வெள்ளவத்தையில் வாடகை வீடு. மனிதருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று அவருடைய இங்கிலீஷ். மற்றது ஊரில் தாய் இருக்கிற வீட்டின் சங்கடப் படலை. தெருவாசலில் தூண் நிறுத்தி, தென்னோலைக் கிடுகால் கூரை வேய்ந்து, கதவு போட்டுக் கட்டிய படலை அது. வெயிலில் வருகிற வழிப்போக்கன் சற்று ஒதுங்கி நிற்கலாம். யாழ்ப்பாணத்தில் இது எல்லோரும் அறிந்த சங்கதி என்றாலும், தன் பாட்டனார் கட்டியதுபோல் ஒன்று பருத்தித்துறை வரைக்கும் கிடையாது என்று அவர் கந்தோரில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

வந்த அலுவல் இதுதான். அந்த வருடம் ஈச்சம்புலத்துக்கு அரசாங்கம் ஒரேயொரு வேலை செய்து தரும். எது வேண்டும் என்று ஊர்ச்சனத்தைக் கேட்டு முடிவைச் சொல்லும்படி காரியாதிகாரி சங்கத்துக்கு அறிவித்திருந்தார். கேட்பதென்றால் யாராவது மெயில் ரயில் ஏறவேண்டும். ஒருவருக்கு லீவு இல்லை. ஒருவருக்கு மூலவியாதி. ரயிலில் கரி பறக்கும் என்று இன்னொருவர் தன் வெள்ளை வேட்டியைப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் தலைவர் புறொக்டர் முத்துவேலர் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர் என்பதை நிரூபித்தார்.

"சனத்தைக் கேக்க வேணுமெண்டுதானே சொல்லியிருக்கு. நேரில போய்க் கேக்க வேணுமெண்டு இல்லையே."

சபை கைதட்டியது. களவுபோனதைத் தேடவும் செத்தவர்களோடு பேசவும் மை போடுவது வழக்கம். உயிரோடு, நல்ல சுகத்தோடு இருக்கிற மனிதர்களை வெற்றிலைக்குள் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்ட பெருமை ஈச்சம்புலம் கொழும்புக் கிளைக்கே உரியது.

அன்று முதல் ஞாயிறுதோறும் ஸ்ரீஸ்கந்தராசா வீட்டு விறாந்தையில் ஊர்க்கூட்டம். காலி வீதியின் பஸ் இரைச்சலுக்கும் பின்னால் கடற்கரை ரயிலின் கூச்சலுக்கும் நடுவே சுவாமிகள் வெற்றிலையைப் பிடிப்பார். ஈச்சம்புலம் முழுக்க ஒழுங்கை ஒழுங்கையாக மைக்குள் நடந்து வந்ததாகச் சொல்லுவார். ஊரவர்கள் ஒவ்வொருவராக மைக்குள் வருவார்கள். கொழும்பில் இருக்கிற தங்கள் பிள்ளைகளை முதலில் புகழுவார்கள். பிறகு எல்லோரும் ஒரே குரலில் மணிக்கூட்டுக் கோபுரம் கேட்பார்கள். அடியில் கிளை அங்கத்தவர்களின் பெயர்களைச் சலவைக்கல்லில் வெட்டவேண்டுமாம். மணிக்கூட்டை மலையாளத்திலிருந்து மந்திரித்து வரவழைக்கச் சுவாமிகளே சம்மதித்தார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

ஸ்ரீஸ்கந்தராசாவின் மனைவி பாலேஸ்வரிக்குத்தான் இது செமிக்கவில்லை. ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு உவராகிவிட்டது. மாமி அடுத்த ஊரிலிருந்து வயல் வரம்பு வழியே குடம் சுமக்கிறாள். போன மாதம் வரம்பில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கொழும்புக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி அனுப்பிப் பார்த்துவிட்டாள். தண்ணீர்க் கிணறு வெட்டுவதற்கு இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் கிடையாது. கோபுரம் என்று முடிவு போய்விட்டால், மாமி இடுப்பு முறியும் வரைக்கும் சுமக்கவேண்டியதுதான்.

"இஞ்சேருங்கோ, மாமி எப்ப மணி பாத்தவ? சூரியன் உச்சிக்கு வந்தாத்தான் அவவுக்கு மத்தியானம். தண்ணியைப் பற்றி ஒருத்தரும் ஏன் மைக்குள்ள வாய் திறக்கயில்லை?"

ஸ்ரீஸ்கந்தராசாவுக்குச் சுருக்கென்றது. தாயின் இடுப்பை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனால் சுவாமிகளோ, தாய் கோபுரத்தின் கீழே சிரித்துக்கொண்டு நிற்பதாகச் சொல்லிவிட்டார். இடுப்பு வலிக்கிறவள் சிரிப்பாளா என்று யோசிக்க அவருக்குப் பயமாயிருந்தது.

பாலேஸ்வரி பிறகு வாதாடவில்லை. ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள். கூட்டம் தொடங்குமுன், யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டிராத சுவாமிகளின் கையாள் இருளப்பன் அடுப்படிக்கு வந்து தேநீர் எடுத்துக்கொண்டு போய் எல்லோருக்கும் கொடுப்பான். கொடுக்கும்போது ஊர்ப்புதினம் கேட்பான். தேத்தண்ணீரோடு போன கதை சற்று நேரத்தில் வெற்றிலையில் ஏறும். கடைசி ஞாயிறு, தீர்மானத்தில் கையெழுத்து வைக்கிற நாள். அவன் அடுப்படிக்கு வந்தான்.

"ஏம்மா, ஊர்ல மாமியார் சௌக்கியமா?"

பாலேஸ்வரி உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. பெருமூச்சை மட்டும் சற்று நீளமாக விட்டாள். "என்னத்தைச் சொல்ல, தம்பி. வீட்டில இப்ப மாமியும் அந்தச் சங்கடப் படலையும்தான் மிச்சம்."

இருளப்பன் பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு, விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற சாக்கில் சுவாமிகளின் காதருகே குனிந்தான்.

தீர்மானம் வாசித்தார்கள். தலைவர் பேனாவைத் திறந்தார். சுவாமிகள் கையமர்த்தினார். கண்கள் செருகின. வெற்றிலை நடுங்கியது.

"செயலாளரே, உமது தாயைக் காண்கிறேன். கூடவே ஒரு சங்கடப் படலை. ஐயோ, எவ்வளவு பெரிய படலை."

ஸ்ரீஸ்கந்தராசா நெஞ்சை நிமிர்த்தி எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். பருத்தித்துறை வரைக்கும் கிடையாதென்று சொன்னவரல்லவா.

"அது எங்க நிக்குது, சாமி?" கதவோரத்திலிருந்து பாலேஸ்வரி பணிவாகக் கேட்டாள்.

"நிற்கவில்லை, தாயே. உன் மாமியின் அடிவயிற்றில் படுத்திருக்கிறது."

வயிற்றுக்குள் படலையா? தலைவர் பேனாவை மூடினார்.

"தலையில ஏதும் போட்டிருக்கோ?" பாலேஸ்வரி விடவில்லை.

"விரித்த தலை. கறுத்த உடம்பு. இரவில் எழுந்து மாட்டுப்பால் குடிக்கிறது."

போன மாதம்தான் புதுக்கிடுகு வேய்ந்த படலை அது. பின்வரிசையில் ஒருவர் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டார். சுவாமிகளுக்கு அது பக்திப் பரவசமாகத் தெரிந்திருக்க வேண்டும், குரலை உயர்த்தினார்.

"பயப்படாதீர்கள். மூன்று வெள்ளிக்கிழமை. எலுமிச்சம்பழம் வெட்டி, அந்தப் படலையை அடியோடு பிடுங்கி, சாம்பலாக்கிக் கடலில் கரைக்கிறேன். இனி உங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் சங்கடப் படலை இருக்காது."

ஸ்ரீஸ்கந்தராசா எழுந்தார். தாய் விழுந்ததற்கு வராத ரோசம் பாட்டனாரின் படலைக்கு வந்தது. மனிதர்கள் அப்படித்தான், என்ன செய்வது.

"சாமி, நீர் எங்கட ஊர் முழுக்க ஒழுங்கை ஒழுங்கையா நடந்தனீர் எண்டு சொன்னனீர். படலையைத் திறக்காமல் எப்பிடி எங்கட வளவுக்குள்ள போனனீர்?"

சுவாமிகள் வெற்றிலையைப் பார்த்தார். இருளப்பனைப் பார்த்தார். அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். கடற்காற்றுக்கு மை உலர்ந்துவிட்டது என்று சொல்லி சுவாமிகள் எழும்பியபோது மொத்த விறாந்தையும் சிரித்தது. கொட்டாஞ்சேனை நாடகக் கொட்டகையில் எமன் வேஷம் கட்டினவர் என்பது மறுவாரம் வெளிவந்தது. மலையாளத்தை அவர் மையிலும் கண்டதில்லை.

தலைவர் முத்துவேலர் அப்போதும் தளரவில்லை. இவன் போலி, கொழும்பு முகத்துவாரத்தில் அசல் ஆள் ஒருவர் இருக்கிறார், தேங்காய்க்குள் பார்ப்பாராம் என்று செயலாளரின் காதைக் கடித்தார். செயலாளர் அதற்குள் பெட்டியில் வேட்டி அடுக்கத் தொடங்கியிருந்தார்.

மெயிலில் நின்றுகொண்டே போனார். வெள்ளை வேட்டி முழுக்கக் கரி. சங்கடப் படலையைத் திறந்தபோது தாய் இடுப்பில் ஒரு கையும் குடத்தில் ஒரு கையுமாக வெளியே வந்துகொண்டிருந்தாள். அவர் குடத்தை வாங்கினார்.

"அம்மா, ஊருக்கு என்ன வேணுமெண்டு கேக்க வந்தனான்."

தாய் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதைக் கேக்கவோ மோனை இவ்வளவு நாள்? குடத்தைக் கொண்டு நட. போற வழியில சொல்லுறன்."

கிணறு வெட்டி நல்ல தண்ணீர் வந்துவிட்டது. கோபுரம் இல்லாமலே அங்கே பொழுது விடிகிறது. உங்கள் ஊருக்கும் யாராவது மை போட வந்தால், அந்த வெற்றிலையை வாங்கிக் கழுவிச் சுண்ணாம்பு தடவி மெல்லுங்கள். கேள்வியை, வாயுள்ள மனிதரிடம் கேளுங்கள்.