வீங்காத கன்னம்

கன்னம் வீங்கவில்லை. ஞானப்பல்லைப் பிடுங்கிய மூன்றாம் நாளே முகம் பழையபடி இருந்தால் ஒரு மனுஷி சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஸ்டோர்கீப்பரம்மாவும் வாசலில் கார் வந்து நிற்கிறவரை சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ஒரு மாதமாகப் பயந்து செத்தவள் அவள். பிடுங்கி முடித்ததும், "அவ்வளவுதானா டாக்டர்?" என்று கேட்டாளாம். கால் மணி நேர வேலை. அப்புறம் டாக்டர் கொடுத்த தாளில் இருந்ததை ஓர் எழுத்து பிசகாமல் செய்தாள். முதல் நாள் துண்டில் சுற்றிய ஐஸ்கட்டி, தலைக்கு இரண்டு தலையணை, ஆறிய சூப், குழைய மசித்த உருளைக்கிழங்கு. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது என்று இருந்தது, உறிஞ்சவில்லை. இன்று காலை கட்டிலில் சாய்ந்துகொண்டு ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீமை ஸ்பூனால் வழித்து வழித்துச் சாப்பிட்டாள்.

"என்னங்க, இந்தச் சொகுசுக்காகவே இன்னொரு பல்லையும் எடுத்துக்கலாம் போலிருக்கு."

கணவன் தையல்காரன். முன்னறையில் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"ஏய், உங்க மேனேஜர் மாதிரி ஒருத்தர் கார்லேர்ந்து இறங்கறாரு."

ஐஸ்கிரீம் தொண்டையிலேயே நின்றது.

அவள் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மேனேஜருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். லீவு லெட்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிப்பார். போன வருஷம் பில் கிளார்க் ஒருவன் தன் பெரியப்பாவை மூன்றாவது தடவையாகச் சாகடித்து லீவு வாங்கினான். துக்கம் விசாரிக்க நேரிலேயே போய்விட்டார் மனுஷர். கதவைத் திறந்ததே அந்தப் பெரியப்பாதான். மறுநாள் கிளார்க்குக்குச் சீட்டுக் கிழிந்தது.

"ஆறு நாள் லீவு கேட்டிருக்கேங்க! என் மூஞ்சியைப் பாருங்க, விருந்துக்குக் கிளம்பினவ மாதிரி இருக்கு. வேலை போச்சு!"

தையல்காரன் கழுத்திலிருந்த டேப்பை உருவி அவள் மூக்கிலிருந்து காதுவரை அளந்தான். அந்தப் பக்கமும் அளந்தான்.

"ரெண்டும் ஒரே அளவு. கால் இஞ்சுகூட வித்தியாசமில்ல."

"அளவெடுக்கவா சொன்னேன்? ஏதாவது பண்ணித் தொலைங்க!"

கோட்டுக்குத் தோளில் வைக்கிற பஞ்சு ஒன்றை எடுத்து அவள் கன்னத்தில் வைத்து, துணியால் தாடையோடு சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டான். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. அழைப்புமணி அடித்தது. அவள் ஐஸ்கிரீம் கப்பைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

மேனேஜர் கையில் வாழைப்பழப் பையோடு வந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"எப்படிம்மா இருக்கு?"

"ம்ம்ம்ம்..." என்று முனகினாள். முதல் முனகல் என்றாலும் குறை சொல்ல முடியாது.

"லெட்டர்ல வலப்பக்கம்னு எழுதியிருந்தீங்க. கட்டு இடப்பக்கம் இருக்கே?"

அடக் கடவுளே! எதிரே நின்று கட்டியவன் தன் வலத்தை அவள் வலம் என்று நினைத்துவிட்டான். இருபது வருஷத்தில் ஒரு சட்டைக்குக்கூடச் செய்யாத தப்பு.

"பல்லு வலப்பக்கம்தான் சார்," என்றான் தையல்காரன். "வீக்கம் மட்டும் ராத்திரி இடம் மாறிடுச்சு."

"மாறுமா?"

"மாறும் சார். அடுத்து கழுத்துக்கு இறங்குமாம்."

அவள் போர்வை மறைவில் கையை நீட்டி, கட்டிலோரம் நின்றவன் கையைக் கிள்ளினாள். அவனோ, இன்னும் கொஞ்சம் தூக்கலாகச் சொல் என்று ஜாடை காட்டுவதாக எடுத்துக்கொண்டான்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" மேனேஜர் விடவில்லை. "ஊசி போட்டாங்களா? போட்டப்புறமும் வலிச்சுதா?"

குறுக்கு விசாரணைதான், சந்தேகமே இல்லை. அவள் நான்கு விரல்களைக் காட்டினாள்.

"நாலு மணி நேரமா!"

"டாக்டர் ஒரு காலை நாற்காலி மேல ஊன்றிக்கிட்டு இழுத்தாரு சார். ரெண்டு நர்ஸுங்க தோளை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. ஊசியெல்லாம் இவளுக்குக் கேக்கவேயில்ல."

டீயும் பிஸ்கட்டும் வைத்தான். பிஸ்கட்டை வாய்வரை கொண்டுபோன மேனேஜர் அப்படியே திரும்பத் தட்டில் வைத்தார். சந்தேகப்பட்டு வந்த வீட்டில் கை நனைப்பாரா என்று அவள் நினைத்துக்கொண்டாள். மேனேஜரின் கண் தலையணை மேல் போனது. அங்கே இளஞ்சிவப்பாக ஒரு ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

"அது... அது என்ன?"

"ரத்தம் சார்."

"இவ்வளவு வெளுத்தா இருக்கும்?"

"மூணு நாளா போயிட்டேயிருக்குல்ல சார், பாதி தண்ணியாயிடுச்சு."

மேனேஜர் எழுந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. கண்ணாடியை ஸ்டூலில் வைத்தவர் அதை எடுக்கவும் மறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

"போச்சு! எல்லாம் போச்சு!" அவள் கட்டைப் பிய்த்து எறிந்தாள். "வலிக்கவே இல்ல சார்னு உண்மையைச் சொல்லியிருந்தா, நாளைக்கே வேலைக்கு வான்னிருப்பாரு. அதோட முடிஞ்சிருக்கும். உங்க வாய்க்கு ஒரு தையல் போட ஆளில்லையே!"

"நான் என்ன பண்ணேன்? பஞ்சு எவ்வளவு பாந்தமா உட்கார்ந்துச்சு..."

அவள் அழுதே விட்டாள். இந்த மூன்று நாளில் அதுதான் முதல் அழுகை.

கதவைத் தட்டிவிட்டு மேனேஜரின் கார் டிரைவர் உள்ளே வந்தார். கண்ணாடியை எடுத்துப்போக வந்திருந்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அண்ணே, சார்கிட்ட சொல்லிடுங்க. எனக்கு வலியும் இல்ல, வீக்கமும் இல்ல. அது ரத்தமில்ல, ஐஸ்கிரீம். பயத்துல பொய் சொல்லிட்டோம். வேலையை விட்டு மட்டும் எடுத்துட வேண்டாம்னு சொல்லுங்கண்ணே."

டிரைவர் அவளுடைய வழுவழு கன்னத்தையும் தலையணையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேலையை விட்டா? உங்களுக்கு இன்னும் ரெண்டு வாரம் லீவு போடச் சொல்லி இப்பத்தாம்மா ஆபீசுக்குப் போன் பண்ணாரு."

அப்பாடா! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள், பிடுங்கினதுபோக மீதி அத்தனையும் தெரிய.

"அப்போ சார் என்னைச் சோதிக்க வரலையா?"

"சோதிக்கவா? நாளைக்குக் காலைல அவருக்கு நாலு ஞானப்பல்லு பிடுங்கறாங்கம்மா. 'நம்ம கம்பெனியிலேயே பொய் பேசத் தெரியாதவங்க அந்தம்மா ஒருத்திதான், வலிக்காதுன்னு அவங்க வாயால கேட்டுட்டா தைரியம் வந்துடும்'னு ஆசையா வந்த மனுஷன், இப்போ கார்ல உக்காந்து உயில் எந்த பீரோவுல இருக்குன்னு வீட்டம்மாகிட்ட போன்ல சொல்லிட்டிருக்காரு!"