ஏழாம் பாடம்

நேற்றுக் காலை ஐந்தாம் பாடத்தில் விழி பிதுங்கி நின்ற வரலாற்று வாத்தியாரை, இன்று வீட்டுக் கம்ப்யூட்டர் ஏழாம் பாடத்துக்கு வரவேற்றது. ஒரு வாரமாகவே இப்படித்தான். விட்ட இடம் ஒன்று, திறக்கும் இடம் வேறு.

டைப்பிங் சொல்லிக்கொடுத்து மார்க்கும் போடும் அந்தப் பாடங்களைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் முடிக்காதவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க அனுமதி கிடையாதாம். வாத்தியாருக்கோ பத்தாம் வகுப்பு என்றால் உயிர்.

"தூங்கும்போதும் என் மூளை வேலை செய்யுதுடி!" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

"முழிச்சிருக்கும்போதும் செய்யச் சொல்லுங்க."

போன வாரம் மகளைப் பார்க்க வந்து தங்கியிருந்த மாமியார், மேசையைத் துடைத்தபடி சிரித்தார்.

ஏழாம் பாடத்தில் ஒரு வரிகூட உருப்படவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கிறதா? பள்ளிக்கூடம் போனதும் தலைமையாசிரியையிடம், "ஏழாம் பாடம் வந்துட்டேன் மேடம்," என்று அளந்துவிட்டார்.

"அட! மத்தவங்க ரெண்டையே தாண்டலை. நாளைக்கு நீங்களே அவங்களுக்குக் கிளாஸ் எடுத்திடுங்க சார்!"

வாத்தியார் தப்பிக்க வழி தேடினார். மத்தியானம் ஆள்காட்டி விரலில் பெரிய கட்டோடு போய் நின்றார்.

"கதவுல நசுங்கிடுச்சு மேடம்."

"அடடா! பரவாயில்ல, நீங்க வாயால சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

"தொண்டையும் கட்டியிருக்கு..."

"கணீர்னு பேசறீங்களே! கல்வி அதிகாரியையும் வரச் சொல்லியிருக்கேன். அசத்திடுங்க!"

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் பொத்தென்று விழுந்து, மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"நாளைக்கு மானம் போகும். பத்தாம் வகுப்பும் போகும். எனக்கு ஒண்ணாம் பாடமே ஒழுங்கா வராதுடி!"

"அப்ப ஏழு வரைக்கும் போனது யாரு?"

"அதுதான் எனக்கும் புரியல!"

மாமியார் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பதறாதீங்க மாப்பிள்ளை. நாளைக்கு நானும் கூட வரேன். நீங்க பேசுங்க, நான் அடிச்சுக் காட்டறேன். தினமும் மத்தியானத்துல பொழுது போகாம அந்தப் பாடத்தைப் போட்டு அடிச்சுக்கிட்டிருந்தது நான்தான்."

வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கட்டுப் போட்ட விரலோடு சேர்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அத்தை, நீங்க தெய்வம்!"

"அது இருக்கட்டும் மாப்பிள்ளை. தினமும் காலையில யாரோ வந்து என் மார்க்கைக் கெடுத்துட்டுப் போறாங்களேன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். நீங்கதானா அது?"