கைத்தட்டல் வாங்கிய போட்டோ

பொறாமையில் பல ரகம் உண்டு. எதிர் வீட்டுக்காரர் கார் வாங்கினால் வருகிற பொறாமை, அவர் நம்மை ஒருமுறை ஸ்டேஷனில் இறக்கிவிட்டால் அடங்கிவிடும். நாம் எழுதிய வசனத்தைப் பேசி இன்னொருவன் கைத்தட்டல் வாங்கும்போது வருகிறதே, அது லேசில் போகாது. ஏழுமலையோ நான் எழுதியதைப் பேசாமலேயே கைத்தட்டல் வாங்கினான்.

ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் அப்போது நான்தான் நாடகாசிரியர். இயக்குநரும் நான், கதாநாயகனும் நான். (வேற யாரும் முன்வரல, அது வேற விஷயம்.) நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவன்; மேடையில் ஏறினால் தமிழ் கம்பீரமாக வர வேண்டும் என்பது என் கட்சி. ஏழுமலைக்குப் பட்டாபிராம் பக்கம் சொந்த ஊர். ஒரே ஷெட்டில் வேலை, ஒரே டப்பாவில் சாப்பாடு, உயிர் நண்பன். என் நாடகங்களில் அவனுக்கு வேலைக்காரன் வேஷம்.

"ஐயா, தங்கள் தந்தையார் தங்களைக் காண விழைகிறார்" என்று எழுதிக் கொடுத்திருப்பேன். மேடைக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "நைனா கூப்டுது. மூஞ்சி சரியில்ல, பாத்துப் போ" என்பான். கொட்டகை அதிரும். அதற்கப்புறம் நான் தர்மத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசும்போதுதான் ஜனங்கள் எழுந்து டீ குடிக்கப் போவார்கள்.

"எழுதினதைப் பேசினா என்னடா?" என்று சண்டைக்குப் போவேன்.

"வாய்ல நுழையல மச்சான். அதான் சுருக்கிக்கினேன்" என்பான். கள்ளமில்லாத முகம். அதைப் பார்த்தால் இன்னும் வயிறு எரியும்.

ஒரு வருடம் குடியிருப்பின் ஆண்டு விழாவுக்கு டிவி சீரியல் இயக்குநர் ஒருவர் சிறப்பு விருந்தினராக வருகிறார் என்று செய்தி வந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. இயக்குநர் என் நடிப்பைப் பார்ப்பார், அசந்துபோவார், நான் ஷெட்டுக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கேமரா முன்னால் நிற்பேன். என் மனைவி செல்வி ஊருக்கெல்லாம் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். இடையில் இருந்த ஒரே தடை ஏழுமலையின் வாய்.

அவனைக் கழற்றிவிடவும் முடியாது. செட்டிங்ஸ் ஏற்றிவரும் குட்டியானை வண்டி அவன் மச்சானுடையது. நாடகத்தின் பெயர் 'தர்மத்தின் தாழ்வாரம்' என்று நோட்டீஸில் போட்டிருந்தாலும், ஜனங்கள் "ஏழுமலை டிராமா எப்போ?" என்றுதான் கேட்பார்கள். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"ஏழுமலை, இந்தத் தடவை நீ கதாநாயகனோட அண்ணன். கதையே உன்னைச் சுத்தித்தான்."

"வசனம் நெறைய கீதா?"

"கிடையாது. நீ கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே செத்துட்ட. சுவத்துல போட்டோவா இருக்க."

கொஞ்சம் யோசித்தான். "நல்லதாப் போச்சு, மனப்பாடம் பண்ற வேலை இல்ல. நான் ஸ்கிரீன் இழுத்துக்கினு இருக்கேன்" என்றான். எனக்குக் குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

அவனுடைய கேட் பாஸ் போட்டோவை அம்பத்தூரில் கொடுத்துப் பெரிதாக்கினேன். சிரிக்காத முகம் அது ஒன்றுதான். சுவரில் மாட்டிச் சந்தனப் பொட்டு வைத்து, ஆள் உயர சம்பங்கி மாலையும் போட்ட பிறகுதான் கவனித்தேன். அந்த முகம் "இன்னா இப்போ?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

திரை விலகியதும் போட்டோவுக்கே முதல் கைத்தட்டல். நான் அதன் முன்னால் மண்டியிட்டு, "அண்ணா, இவ்வுலகில் நீதி எங்கே?" என்று கதறினேன். "இன்னா இப்போ?" என்றது போட்டோ. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பதில் சொல் அண்ணா" என்று அழுதேன். சிரிப்பு கூடியது. சுவரில் தொங்குகிற ஒருவன்மீது பொறாமைப்பட்ட முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

உச்சக்கட்டக் காட்சியில்தான் ஏழுமலையின் அம்மா முனியம்மா வந்து சேர்ந்தார். மகன் நாடகத்தில் நடிக்கிறான் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். மகனுடைய படத்தில் மாலையைப் பார்த்தார். நேராக மேடையில் ஏறிவிட்டார்.

"எவன்டா எம்புள்ளைக்கு மாலை போட்டவன்?"

நாடகம் நிற்கக் கூடாதே என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக மேடையில் எழுதாத வசனம் சேர்த்தேன். "தாயே, கலங்காதீர்கள். தங்கள் மைந்தன் விண்ணுலகில் வாழ்கிறான்."

"இன்னாது? காத்தால ஊட்ல எட்டு இட்லி துன்னுட்டு வந்தான்டா."

திரைக் கயிற்றைப் போட்டுவிட்டு ஏழுமலை ஓடிவந்தான். "யம்மோவ், கத்தாத. இங்கதான் கீறேன்."

செத்தவன் வந்ததும் கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. முனியம்மா மகனுக்கு நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தார். போட்டோவிலிருந்து மாலையைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தவர், என் கழுத்தில் போட்டார். "நீயே போட்டுக்கோ." அன்று எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

கடைசியில் இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "இறந்துபோன மகன் தாய் முன்னால வந்து நிக்கிற அந்த முடிவு இருக்கே, நான் எதிர்பார்க்கவே இல்ல. அந்தம்மா நடிப்பு பிரமாதம். அண்ணனா நடிச்சவர் நாளைக்கே என்னை வந்து பாருங்க." அப்புறம் மாலையும் கழுத்துமாக நின்ற என்னைப் பார்த்தார். "நீங்கதான் எழுதினதா? நல்லது, எழுதிக்கிட்டே இருங்க."

ஏழுமலை போனான், ஜெயித்தான். இன்று அவன் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் செல்ஃபி எடுக்கக் கூட்டம் கூடுகிறது. நான் பக்கத்தில் நின்றால், "அண்ணே, கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்று செல்போனை என் கையில் கொடுக்கிறார்கள்.

போன வருடம் அவனே போன் செய்தான். "மச்சான், நம்ம சீரியல்ல உனக்கு ஒரு கேரக்டர் சொல்லிக்கீறேன். எனக்கு அண்ணன். கதையே உன்னைச் சுத்தித்தான்."

தலைக்கு மை அடித்துக்கொண்டு நூம்பலில் இருந்த ஷூட்டிங் வீட்டுக்குப் போனேன். வெள்ளைத் துணி முன்னால் நிற்கவைத்து ஒரே ஒரு படம் எடுத்தார்கள். டீ கொடுத்தார்கள். கிளம்பலாம் என்றார்கள்.

சீரியல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் சாயங்காலம் சீரியல் வீட்டு ஹால் சுவரில் மாலையோடு நான் வருவேன். "நேத்தைவிட இன்னைக்கு நல்லா நடிச்சிய" என்பாள் செல்வி. "டயலாக் டெலிவரி சூப்பர்ப்பா" என்பாள் மகள். உறவுக்காரர்கள் வந்தாலும் இதே பேச்சுதான். எனக்கு வேறு கவலை. ஏழுமலை என் படத்துக்கு முன்னால் நின்று அழ ஆரம்பித்ததும் கேமரா அவன் முகத்துக்கு ஓடிவிடுகிறது. பின்னால் நான் மங்கலாகத் தொங்குகிறேன்.