மேற்கே மட்டும் போகிற எஞ்சின்

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு சாண் நீள ரயில் எஞ்சினை ஆறடி மேஜையில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

பார்க்க வருகிறவர் என் மச்சான் தங்கவேல். போடியில் ஏலக்காய் வியாபாரம். தேனியில் எங்கள் வீட்டு முன்னறையில் மூட்டை அடுக்க இடம் கேட்டிருந்தார். அங்கேதான் என் மேஜை, தண்டவாளம், லென்ஸ் எல்லாம் இருந்தன.

"எஞ்சின் ஓடுச்சுன்னா ரூம்பு உங்களுக்கு மாப்ளே. ஓடலேன்னா மூட்டைக்கு" என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். ஒத்துக்கொண்டேன். பினாங்கில் இருபது வருசம் குப்பை கொட்டிவிட்டு நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பியவனுக்கு ஓர் அறையாவது வேண்டாமா?

எஞ்சின், மூணாற்றுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன சாமான்களோடு போடி பழைய சாமான் கடைக்கு வந்து, அங்கிருந்து என் கைக்கு வந்தது. கடையில் விற்கிற பொம்மை இல்லை. உதிரி பாகங்களைப் பெட்டியாக வாங்கி, வீட்டில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்துக் கோர்க்கிற வகை. யார் கோர்த்தது என்று கண்டுபிடிப்பதில்தான் இந்தச் சின்ன ரயில் பைத்தியத்தின் ருசியே இருக்கிறது.

ஒரு வாரம் லென்ஸ் வைத்துக் கண்டுபிடித்தேன். எஞ்சின் வயிற்றில், காய்ந்த கிரீசுக்கு அடியில், ஊசியால் கீறின எழுத்து. ஒரு எஸ். பக்கத்தில் டபிள்யூ மாதிரி ஒன்று.

"இங்கிலாந்துக்காரன் கையெழுத்து. பத்தவச்ச நேர்த்தியப் பாரு, நம்ம ஆளுகளுக்கு வராது" என்றேன் மனைவி ராஜத்திடம். நான் ரெண்டு மொழியில் படித்தவன். ரெண்டிலும் சொன்னேன்.

"யாரு செஞ்சா என்னங்க, ஓடுமா?"

ஓட்டிப் பார்க்கவில்லை. இவ்வளவு கண்டுபிடித்த பிறகு ஓட்டிப் பார்ப்பது எஞ்சினைச் சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது.

மச்சான் வந்தார். கூடவே ரெண்டு மூட்டையும் வந்தது.

"என்ன மச்சான், இப்பவே கொண்டாந்துட்டீக?"

"எதுக்கு மாப்ளே ரெண்டு நடை?" மூட்டைகளை மேஜையின் மேற்கு ஓரத்துக்குக் கீழே தரையில் இறக்கி, புழுங்கிவிடும் என்று வாயையும் அவிழ்த்துவிட்டார்.

அதற்குள் ராஜம் தட்டோடு வந்து நின்றாள். சந்தனம், குங்குமம், சூடம், ஒரு எலுமிச்சம்பழம்.

"புது வண்டியப் பழம் நசுக்காம எடுக்கலாமா?"

"இது பழைய வண்டி."

"நமக்குப் புதுசுதான? நீங்க சொல்லுங்கண்ணே."

"தங்கச்சி சொல்றது சரிதான். முன்னால போயி பழத்து மேல ஏறணும். பின்னால போனா ஆகாது, நான் மூட்டைய அடுக்கிருவேன்." பந்தயத்தில் புதுச் சட்டம் இப்படித்தான் நுழைந்தது.

பழத்தைக் கிழக்கு ஓரத்தில் வைத்தோம். எஞ்சினின் புகைபோக்கியைவிட அது உயரம்.

கரண்டுப் பெட்டியின் குமிழைத் திருகினேன். எஞ்சின் அசையவில்லை. ராஜம் சக்கரத்துக்கெல்லாம் சந்தனம் வைத்திருந்தாள். சந்தனத்தைத் தாண்டிக் கரண்டு ஏறாது. துடைத்துவிட்டு மறுபடி திருகினேன்.

கிளம்பியது. மேற்கே, பின்பக்கமாக.

"பின்னால போகுது மாப்ளே."

"எஞ்சின் சூடாகுது மச்சான்."

நிறுத்தி, தூக்கி, திருப்பி வைத்தேன். இப்போது முன்பக்கமாகப் போனது. ஆனால் மேற்கேதான். முகம் எந்தப் பக்கம் இருந்தாலும் தண்டவாளத்துக் கரண்டு தள்ளுகிற பக்கம்தான் இந்த வகை எஞ்சின் போகும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்னொரு தடவை திருப்பினேன். மேற்கே.

"எப்படி வச்சாலும் மேக்கதான் போகுது. துரை போன பக்கம் போகணுங்குது போல" என்றார் மச்சான்.

"பெட்டியில முன்னுக்கு, பின்னுக்குன்னு இருக்கே, அந்தச் சுவிச்ச அந்தாண்ட தள்ளுனா என்னங்க?" என்றாள் ராஜம்.

"முன்னுக்குன்னு போட்ட பக்கம்தான் முன்னுக்கு. இங்கிலாந்துக்காரன் வயரைத் தப்பாக் கொடுக்க மாட்டான்."

"அப்பப் பழத்த மாத்தி வச்சாப் போச்சு." அவளே பழத்தை எடுத்து மேற்கு ஓரத்தில் வைத்து, எஞ்சினின் முகத்தையும் அந்தப் பக்கம் திருப்பினாள். ஒரு வாரமாக லென்ஸ் பிடித்த எனக்கு இது தோன்றவில்லை.

முழுசாகத் திருகினேன். எஞ்சின் முன்பக்கமாகப் பாய்ந்து பழத்தை முட்டியது. பழம் நசுங்கவில்லை. உருண்டது. பழம் முன்னால், நெற்றியில் சந்தனப் பொட்டோடு எஞ்சின் பின்னால். மேஜை முடிந்தது. ரெண்டும் நிற்கவில்லை.

ஏலக்காய் வாசம் குப்பென்று எழுந்தது.

மச்சான் மூட்டைக்குள் கையை விட்டு முதலில் பழத்தை எடுத்தார். பிறகுதான் எஞ்சினை. தோள் துண்டால் அதன் வயிற்றை அழுந்தத் துடைத்தார். கிரீசு போனது. உதடு அசைய எதையோ வாசித்தார்.

"மாப்ளே, இது எந்த ஊரு எழுத்துன்னீக?"

"இங்கிலாந்து."

"மலையாளம். ஏலம் எடுக்கக் கேரளாப் பக்கம் வண்டன்மேடு போயிப் போயி எனக்கு இது வாசிக்க வரும். 'வயர் மாறிக் கெடக்கு, பின்னால போகும்'னு போட்டு, கீழ ஃபிட்டர் குஞ்ஞப்பன்னு எழுதிருக்கு. தோட்டத்து ஃபிட்டர் போல. பின்னால வர்றவுகளுக்கு ஒதவும்னு எழுதி வச்சிட்டுப் போயிருக்காக."

ராஜம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனாலும் ஓடுச்சுல்ல மச்சான்?"

"நல்லா ஓடுச்சு. பழந்தான் முழுசா இருக்கு."

பொழுது சாய்வதற்குள் முன்னறையில் பதினோரு மூட்டை ஏறிவிட்டது. மேஜை மாடிப்படிக்குக் கீழே போனது. அங்கே கிழக்கு மேற்காக அதைப் போட இடமில்லை. எஞ்சின் இப்போது தெற்கே போகிறது.

அடியில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியாமல் ஆளைக் கூப்பிட்டது என் தப்பு. வாசிக்கத் தெரிந்த ஆளாகப் பார்த்துக் கூப்பிட்டது அதைவிடப் பெரிய தப்பு.