மாமா மாஃபி

ஷார்ஜா தொழில்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்.

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் விஜயபாஸ்கர் கும்பிட்டு எழுதுவது. நான் இங்கே சுகம். நீங்கள் உயிரோடும் சுகத்தோடும் இருப்பதாக சரோஜா அத்தை மூலம் அறிந்தேன். உயிரோடு என்று தனியாக எழுத வேண்டி வந்ததற்குக் காரணமே நான்தான் என்பதால், அதற்கு மேல் நலம் விசாரிக்க வாய் வரவில்லை. நாலு வாரமாக நீங்கள் என் போனை எடுப்பதில்லை. அதனால் லீவில் மானாமதுரைப் பக்கம் வரும் ரூம்காரர் ஒருவரின் பெட்டியில் இதை வைத்து அனுப்பலாம் என்று எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கிழிக்கவும்.

விஷயம் ஒன்றுதான். அகிலாவுக்கு விசிட் விசா வந்து, பதினான்காம் தேதிக்கு டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. அவள் பாஸ்போர்ட்டையோ நீங்கள் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. கல்யாணமாகி நாற்பதாம் நாள் விமானம் ஏறியவன் நான். மூன்று வருஷத்தில் ஒரே ஒரு லீவு. அவளைப் போனிலேயே பார்த்துப் பழகி, நேரில் வந்தால் எங்கே தட்டிப் பேசுவது என்று தெரியாத நிலைக்கு வந்துவிட்டேன். கோபத்தை என்மேல் காட்டுங்கள், பாஸ்போர்ட்டின் மேல் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்கள் என்ன செய்தாலும் சரி.

உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்து முதல் மாலையை நான்தான் போடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். லீவு கிடைக்கவில்லை. போனில் சொன்னதும், "ஒரு கன்ட்ரிப் பயலுக்குப் பொண்ணக் குடுத்தேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று வைத்துவிட்டீர்கள். அந்த வருத்தத்தில், ஊருக்குப் போன ஒரு பிலிப்பைன்ஸ்காரர் கட்டிலடியில் விட்டுப்போன கிடாரை எடுத்து, மிச்சமிருந்த நாலு கம்பியில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பாட்டுக் கட்டினேன். "மாலை வாங்கி வரல, மாமா மாஃபி, மணவறையில நிக்கல, மாமா மாஃபி" என்று போகும். மாஃபி என்றால் இந்தியில் மன்னிப்பு. ஃபோர்மேனிடம் தினமும் நாலு தடவை கேட்டுக் கேட்டு நாக்கில் ஒட்டிக்கொண்ட சொல். அதே மாஃபி அரபியில் 'இல்லை' என்பது எனக்குத் தெரியாமலா மாமா? தண்ணி மாஃபி, பஸ் மாஃபி, லீவு மாஃபி என்று அதையும் தினமும் கேட்கிறவன்தானே. மன்னிப்புக் கேட்கிற அவசரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

கம்பெனி ஆண்டு விழாவில் பாடச் சொன்னார்கள். எங்கள் ரூம் மாயாண்டி காலித் தண்ணீர் கேனில் தாளம் போட, மெஸ் சமையல்காரர் கௌஸ் முகைதீன் அண்ணன் மவுத் ஆர்கன் வாசிக்க, நான் பாடினேன். பேருக்கு ஒரு பேண்ட் பெயர் வேண்டுமென்று 'எமர்ஜென்சி லீவு' என்று வைத்திருந்தோம், கேட்டும் கிடைக்காதது அதுதான் என்பதால். இரண்டாவது அடியிலேயே முன் வரிசையில் எங்கள் அரபு மேனேஜர் கண்ணைத் துடைக்கிறார். அவர்களுக்கு மாமா என்றால் அம்மாவாம். தாயில்லாப் பிள்ளை என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறார். அந்த நேரம் பார்த்து எங்கம்மா மீனாம்பாள் வீடியோ காலில் வந்து, "சாப்ட்டியாய்யா?" என்கிறாள். யார் என்று கேட்டார். பெரியம்மா என்று சொல்லிவிட்டேன். பெற்ற தாயைப் பெரியம்மாவாக்கிய பாவி நான், உங்களை விட்டு வைப்பேனா?

மேடையும் ஸ்பீக்கரும் போட வந்திருந்த மாஹிரா மேடம் மட்டும் அழவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார். சத்வாவில் ஒரு காபிக்கடையில் வாராவாரம் கச்சேரி நடத்துகிறவர். "தம்பி, நீங்க பாடுறது ஆல்ட் கன்ட்ரி, தெரியுமா?" என்றார். "எங்க மாமாவும் அதத்தான் மேடம் சொன்னார்" என்றேன். மாமா, நீங்கள் திட்டாகச் சொன்ன அந்தக் கன்ட்ரிக்கு அமெரிக்காவில் தனியாகப் பாட்டு வகையே இருக்கிறதாம். தொப்பி போட்டுக்கொண்டு, போன காதலி, போன வேலை, போன நாய்க்குட்டி என்று ஒவ்வொன்றாகப் பாடுவார்களாம். அதையே கொஞ்சம் கோணலாகவும் சிரிப்பாகவும் பாடினால் அது ஆல்ட். எங்களுக்கு நாய்க்குட்டி கிடையாது, நீங்கள் இருந்தீர்கள்.

சத்வாவில் ஆரம்பித்தது, இந்த ஒரு வருஷத்தில் பதினேழு மேடை ஆகிவிட்டது. நீங்கள் திட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜை வைத்து ஒரு பாட்டு, அத்தை கேட்ட சாமான்களையும் முப்பது கிலோப் பெட்டியையும் வைத்து ஒரு பாட்டு. எல்லாவற்றுக்கும் கைதட்டல். கடைசியில் பக்கத்து நாட்டு அல் கோபாரில் தமிழ்க் குடும்பங்கள் நடத்திய விழாவில்தான் வினை வந்தது. தொகுத்து வழங்கிய தன்யா என்ற பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதுதான் இருக்கும், அங்கேயே வளர்ந்த பிள்ளை, மாஃபியை அரபு 'இல்லை' என்றே எடுத்துக்கொண்டது. "சோ சேட்" என்று சொல்லிவிட்டு, மறைந்த மாமாவுக்காக எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கும்படி மைக்கில் கேட்டுக்கொண்டது. இருநூறு பேர் எழுந்துவிட்டார்கள். நான் என்ன செய்ய? நானும் தலையைக் குனிந்து நின்றேன். அந்த இருநூறில் ஒருத்தர் மானாமதுரைக்காரராகப் போய், அவர் போன் அடித்து, மறுநாள் காலையில் உங்கள் வீட்டுக்குச் சந்தன மாலையோடு ஆட்கள் வந்து, கதவைத் திறந்த உங்களிடமே "போட்டோ எங்க மாட்டிருக்கீங்க?" என்று கேட்டது வரை அகிலா சொல்லிவிட்டாள்.

மாமா, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உங்கள்மேல் நன்றியைத் தவிர வேறொன்றும் இல்லை. மூன்று வருஷமாக இங்கே அலுமினியம் அறுக்கிறேன். என் பெயர் ஃபோர்மேனுக்கே சரியாகத் தெரியாது. இன்று பஸ்ஸில் ஏறினால் யாரோ ஒருவர் எழுந்து இடம் கொடுத்து, "நம்ம மாமா மாஃபி அண்ணன்" என்கிறார். கேம்ப்பில் ஆயிரம் பேர் வீட்டு நினைப்பை மறந்து ஒரு மணி நேரம் சிரிக்கிறார்கள். நீங்கள் என்னைத் திட்டாமல் "பரவால்ல மாப்ள" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன், பாட்டு வந்திருக்காது. இதை நேரில் சொல்லத் தைரியம் கிடையாது. எழுதும்போதே கண் கலங்குகிறது.

ஆகையால் இன்றோடு அந்தப் பாட்டுக்கு கலாஸ். இனி எந்த மேடையிலும் பாட மாட்டேன். மாஹிரா மேடத்திடமும் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் சத்வாவில் நடக்கும் பெரிய கச்சேரியில் அதற்குப் பதில் முருகன் பாட்டுப் பாடுவதாக இருக்கிறோம், மாயாண்டிக்குத்தான் கேனில் கை ஓடவில்லை. பீரோவைத் திறந்து என் பெண்டாட்டியை அனுப்பி வையுங்கள்.

உங்களுக்கும் அத்தைக்கும் சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருந்து, நூறாம் வயதிலும் நீங்கள் என்னைத் திட்டக் குரலோடு இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு,

உங்கள் கன்ட்ரி மருமகன்,
விஜயபாஸ்கர்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது அகிலா கூப்பிட்டாள். மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். பாட்டை நிறுத்துகிறேன் என்றதும் நீங்கள் பக்கத்திலிருந்து கத்தியது எனக்கே கேட்டது. "துக்கத்துக்கு வந்தவன் பூராப் பேரும் என்னப் பத்தி எவ்வளவு நல்லாப் பேசுனான் தெரியுமா? அதக் காதால கேட்டவன் நான் ஒருத்தன்தான்டா. அத நிப்பாட்டுவானாம்ல!" போனை எடுக்காதது சர்ப்ரைஸ் உடைந்துவிடுமே என்று, பீரோவைப் பூட்டியது உங்கள் பாஸ்போர்ட்டும் மதுரையிலிருந்து வந்த பிறகு இரண்டு பேருமாகக் கிளம்ப என்று, இப்போதுதான் தெரிந்தது. பதினான்காம் தேதி டிக்கெட்டை மாற்றிவிட்டேன், விசாவுக்கும் எழுதிப் போட்டாயிற்று. முருகன் பாட்டு ரத்து. சத்வாவில் நான் "மாமா மாஃபி" என்று மூன்றாவது தடவை பாடும்போது நீங்கள் மேடைக்கு நடந்து வர வேண்டும். வரும்போது அந்தச் சந்தன மாலையை மறக்காமல் எடுத்து வாருங்கள். போன வருஷம் போட வேண்டியதை அங்கே வைத்துப் போட்டுவிடுகிறேன்.