பூதத்தைக் காக்கவைத்த முறைமாமா

கதாயுதத்தை ஓங்கிக்கொண்டு பாய்ந்து வரும் ஒரு பூதத்தை, நாங்கள் உலை வைத்து, சோறு வடித்து, ரசம் கூட்டி, சாப்பிட்டுக் கை கழுவி வரும்வரை அப்படியே நிற்கவைத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்களோடுதான் குடியிருந்தார். அதற்கு நாங்கள் என்ன பாவம் செய்தோம் என்று இன்றுவரை தெரியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கமாக ஒரு மாடி வீடு. மேலே வீட்டுக்காரர் குடும்பம், கீழே நாங்கள் மூன்று பிரம்மச்சாரிகள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தாஸ் கூரியர் பைக் ஓட்டினான். நசரத்பேட்டையில் சொந்த வீடு இருந்தும் அப்பாவுக்கும் அவனுக்கும் ஆகாததால் எங்களோடு வந்து ஒட்டிக்கொண்டவன். மூன்றாவது ஆள் முறைமாமா. ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தார். அவரிடம் ஒரு போல்ட் கேட்டுப் போனவன் திரும்பி வருவதற்குள் அந்த மெஷினே பழைய இரும்புக்குப் போய்விடும் என்று அங்கே சொல்வார்களாம்.

முறைமாமா பெண் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கியது ஆபீஸ் வேலை கற்றுக்கொள்ள. நடந்தது வேறு. யாரோ கொடுத்த சிடியில் ஒரு விளையாட்டு இருந்தது. நான்கு பேர் கொண்ட ஒரு கோஷ்டி காடு, குகை எல்லாம் சுற்றிப் பூதங்களோடு சண்டை போடும். ஒரு வாள்காரன், ஒரு வில்காரன், ஒரு மந்திரவாதி, அடிபட்டவர்களுக்கு மருந்து போட ஒரு வைத்தியச்சி. வாளைத் தாஸ் எடுத்துக்கொண்டான், வில் எனக்கு. மந்திரவாதியும் வைத்தியச்சியும் முறைமாமா கையில். வைத்தியச்சிக்குக் கோமதி என்று அவரே பெயர் வைத்தார். கடைசியாகப் போய்ப் பார்த்த பெண்ணின் பெயர் அது என்பது எங்கள் ஊகம்.

அந்த விளையாட்டில் சண்டை முறை வைத்துத்தான் நடக்கும். வாள்காரன் ஒரு வெட்டு வெட்டுவான், நிற்பான். பூதம் ஒரு அடி அடிக்கும், நிற்கும். அடுத்து வில்காரன். யாருடைய முறையோ அவர் ஏதாவது செய்கிறவரை மற்ற எல்லாரும் மரியாதையாகக் காத்திருப்பார்கள். தாஸ் வந்து உட்கார்ந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்துவிடுவான். நானும் அப்படியே. பிறகு முறைமாமா நாற்காலியில் அமர்வார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்துப் போட்டுக்கொண்டு, பூதத்தைப் பார்ப்பார். பூதம் அவரைப் பார்க்கும்.

"மாமா, ஏதாவது பண்ணுங்க" என்பேன்.

"இரு தம்பி. நெருப்ப விடலாம். விட்டா காட்டுக்கும் பிடிக்கும். அப்ப நம்ம ஆளு எங்க நிக்கறான்னு பாக்கணும்ல?"

சமையலறையிலிருந்து தாஸ் கத்துவான். "இன்னா மாமே, அந்தப் பூதத்துக்கு ஷேவிங் பண்ணி உடணும் போலகீது. தாடி மொளைக்குது பாரு!"

இந்த யோசனை உச்சத்தில் இருக்கும்போது பார்த்து கரண்ட் போகும். அயனம்பாக்கத்தில் அப்போதெல்லாம் ஒரு தூறல் போட்டால் போதும், கரண்ட் போய்விடும். கரண்ட் வந்தபின் சண்டையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். தாஸ் தலையில் அடித்துக்கொள்வான். முறைமாமா மட்டும் சந்தோஷமாகக் கண்ணாடியைக் கழற்றுவார். "நல்லதாப் போச்சு. போன தடவை கொஞ்சம் அவசரப்பட்டுட்டோம்."

விளையாட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர் வாழ்க்கையையே முறை வைத்துத்தான் நடத்தினார். ஒருநாள் தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்து, தொட்டி வழிந்து, மாடியில் காயப்போட்டிருந்த மிளகாய் எல்லாம் மிதந்தது. வீட்டுக்காரர் இறங்கி வந்து கத்து கத்து என்று கத்தினார். முறைமாமா கைகட்டி நின்று கேட்டார். வீட்டுக்காரர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "முடிஞ்சுதா சார்?" என்றார்.

"முடியலய்யா!" வீட்டுக்காரர் இன்னொரு சுற்று கத்தினார்.

"இப்ப முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. அதுக்கு இன்னா?"

"அப்ப இது என் முறை" என்று முறைமாமா தொண்டையைச் செருமினார். "மொதல்ல மிளகாய் விஷயத்தை எடுத்துப்போம்."

வீட்டுக்காரருக்கு ஆத்திரத்தில் வார்த்தை குழறியது. "முறையா? இன்னாய்யா முறை? என்னமோ என் பொண்ணுக்கு முறைமாமன் கணக்கா நின்னுகினு பேசற!"

தாஸ் தரையில் உருண்டு சிரித்தான். அன்றிலிருந்து அவருக்கு அதுதான் பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு சரி. வீட்டுக்காரரின் பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது. அதுவும் "முறைமாமா" என்றே கூப்பிட ஆரம்பித்ததும் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குள் தாஸ் ஒருநாள் புது சிடி ஒன்றோடு நுழைந்தான். இதிலும் அதே மாதிரி நாலு பேர்தான், வைத்தியச்சிக்கு முறைமாமா வைத்ததும் அதே கோமதிதான். ஆனால் முறையெல்லாம் கிடையாது. எதிரி நான்கு பக்கமும் பாய்வான், நம் ஆட்களும் ஒரே நேரத்தில் வெட்டுவார்கள், எய்வார்கள், மந்திரம் போடுவார்கள். மூச்சுவிட நேரமில்லை. தாஸுக்குச் சொர்க்கம். முதல் சண்டையைப் பார்த்ததும் முறைமாமா முகத்தைச் சுளித்தார்.

"இது சண்டையா? அம்பத்தூர் பஸ் ஸ்டாண்டுல சாயந்தரம் பஸ் வந்து நின்னா நடக்கற கூத்து."

"அப்டித்தான் மாமே சண்ட இருக்கும்! நீ யோசிச்சிகினு கீற, எதிரி இன்னா உன் மூஞ்சியப் பாத்துகினு நிப்பானா? நாலு சாத்து சாத்திட்டுப் போய்கினே இருப்பான்."

"நாலு பேரோட கிளம்பினா நாலு பேரையும் பாக்கணும்டா. முறை வெச்சா ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் ஒரு தடவையாவது பாத்தாகணும். இதுல நீ முன்னாடி ஓடற, பின்னாடி கோமதி அடிபட்டுக் கிடக்கறா. யாரு பாத்தா?"

"கோமதி எய்ந்து நடக்கட்டும் மாமே, காலு கீதுல்ல!"

பெரிய விவாதம். காலையில் பல் தேய்க்கும்போது தொடங்கும். நான் பாத்ரூம் கதவுக்கு வெளியே துண்டோடு நிற்பேன். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், கதவு வழியாக வாதம். இருவருமே தீர்ப்புக்கு என்னைத்தான் கேட்பார்கள். நான் என்ன சொன்னாலும் அன்றைக்கு ஒருவர் என்னோடு பேச மாட்டார். எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிடும்.

அதற்குள் முறைமாமா ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். புது விளையாட்டில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் சண்டை அப்படியே உறைந்து நிற்கும். யோசித்துவிட்டு மறுபடி தட்டலாம். அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று. தாஸ் மவுஸைப் பிடித்துக்கொண்டு ஆவேசமாக வெட்டுவான். பக்கத்து ஸ்டூலில் முறைமாமா ஸ்பேஸ் பாரில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாள் இறங்கும், டக். அம்பு பறக்கும், டக். பூதம் வாயைத் திறக்கும், டக்.

"மாமே, வெரல எடு."

"ஒரு நிமிஷம்."

"வெரல எடு மாமே, பேஜார் பண்ணாத!"

கடைசியில் ஒரு சனிக்கிழமை, முறைமாமா ஓவர்டைம் போயிருந்த நேரத்தில், தாஸ் தனியாக ஆடினான். தடுக்க விரல் இல்லாத ஆனந்தத்தில் கோஷ்டியை ஒரு குகைக்குள் ஓட்டினான். சண்டையில் ஜெயித்தான். அந்தச் சந்தோஷத்தில் பழைய ஆட்டத்தின் மேலேயே சேவ் பண்ணிவிட்டான், இனி பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லை. முறைமாமா வந்து பார்த்தபோது திரையில் மூன்று பேர் நின்றார்கள். கோமதி குகை வாசலில் செத்துக் கிடந்தாள்.

முறைமாமா கத்தவில்லை. கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, குளிக்கப் போனார்.

அதன்பின் இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரே தட்டில் அப்பளம் இருக்கும். "அவனை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார் என்னிடம். "கை கீதுல்ல, எட்டி எடுத்துக்கச் சொல்லு மச்சான்" என்பான் அவன். தபால் இலாகாவில்கூட இவ்வளவு வேலை இருக்காது. முறைமாமா அண்ணனூரில் தனி ரூம் பார்க்கத் தொடங்கினார். பார்த்த ரூம்களை ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருந்ததால் கிளம்பவும் இல்லை.

அந்த மழைக்காலத்தில் தாஸுக்கு டைபாய்டு வந்தது. எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாமல் பாயில் கிடந்தான். வெளியே விடாத மழை. மத்தியானம் ஏரி வழிகிறது என்று எஸ்டேட் முழுக்கச் செய்தி பரவியது. நான் ஓடிவந்தபோது தெருமுனையில் முறைமாமாவும் பேண்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கேஸ் சிலிண்டர் சாய்ந்து மிதந்தது. தரையில் வைத்திருந்த சி.பி.யூ. பாதி முழுகியிருந்தது. தாஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான்.

'போச்சு' என்று நினைத்துக்கொண்டேன். இப்போது இவர் கண்ணாடியைக் கழற்றுவார். எதை முதலில் எடுப்பது என்று யோசிப்பார். யோசித்து முடிப்பதற்குள் நாங்கள் பூந்தமல்லி தாண்டி மிதந்து போய்விடுவோம்.

நான் மானிட்டரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். முறைமாமா அங்கே இல்லை. தாஸும் இல்லை. வாசலுக்கு வெளியே, தாஸை முதுகில் போட்டுக்கொண்டு அவர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். அதுவும் ஏரிப் பக்கமாக. வாசலுக்கு இடது கையில் மாடிப்படி. மாடியில் வீட்டுக்காரர் குடும்பத்தோடு நின்று, "யோவ், மேல வாய்யா! மேல!" என்று அலறிக்கொண்டிருந்தார். அது முறைமாமா காதில் விழவில்லை. அவருக்கு இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது.

முதுகிலிருந்து காய்ச்சல்காரன் கத்தினான். "மாமே! நில்லு! எங்க போய்கினு கீற? நில்லு மாமே!"

"பயப்படாதடா, நான் இருக்கேன்!"

"அதாம் மாமே பயமா கீது! நில்லு! ஒரு நிமிசம் யோசி! உன் காலப் புடிச்சிக் கேக்கறேன், யோசி!"

அப்போதுதான் ஒரு பள்ளத்தில் கால் வைத்து முறைமாமா முழுகினார். இருவரும் சேர்ந்துதான். நான் மானிட்டரைக் கைவிட்டுவிட்டு ஓடினேன். மாடியிலிருந்து வீட்டுக்காரரும் குதிக்காத குறையாக இறங்கி வந்தார். ஆளுக்கொரு பக்கம் இழுத்து, இருவரையும் படியேற்றி மாடியில் போட்டோம். முறைமாமாவின் கண்ணாடி ஏரியோடு போயிருந்தது. தண்ணீர் குடித்து இருமிக்கொண்டே, தாஸ் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"மாடிப்படி பக்கத்துலயே இருந்துச்சே மாமா" என்றேன். எனக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தது.

"பாக்கலடா" என்றார். "இவன தூக்கணும்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எதையும் பாக்கல."

நனைந்ததில் தாஸுக்குக் காய்ச்சல் இரண்டு மடங்காகி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. நசரத்பேட்டையிலிருந்து அவன் அம்மா வந்து இறங்கினார்கள். விஷயம் கேட்டதும் வார்டே அதிரும்படி முறைமாமாவைப் பிடித்துக்கொண்டார்கள். "ஜொரக்கார புள்ளைய ஏரில முக்கி எட்த்திருக்கியே, நீயெல்லாம் பெரிய மனுசனா? படி கண்ணுக்குத் தெர்ல?" முறைமாமா கைகட்டி நின்றார். அவர்கள் நிறுத்தியபோது நானும் தாஸும் பயத்தோடு பார்த்தோம். முறைமாமா தொண்டையைச் செருமவில்லை. "தப்புதாம்மா" என்றார். அவ்வளவுதான். தாஸ் வீடு திரும்பும்வரை சம்பளம் இல்லாத லீவு போட்டுவிட்டு அந்தக் கட்டிலடியிலேயே கிடந்தார். இருவரும் எப்போது மறுபடி பேச ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் நான் கஞ்சி எடுத்துப்போனபோது, பெருமாள் கோயில் புளியோதரைக்கும் வீட்டுப் புளியோதரைக்கும் என்ன வித்தியாசம் என்று காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டரை மாடியில் வெயிலில் காயவைத்துத் திறந்தபோது உள்ளேயிருந்து ஒரு நத்தை வந்தது. அதை எடுத்து முறைமாமா கையில் வைத்து, "மாமே, உங்க சொந்தக்காரரு" என்றான் தாஸ். கம்ப்யூட்டர் பிழைக்கவில்லை.

அடுத்த வருஷம் முறைமாமாவின் கம்பெனி அவரை ஓசூருக்கு மாற்றியது. சாமான் ஏற்ற மினி லாரி வந்து நின்றது. இருந்ததே ஒரு கட்டில், ஒரு பீரோ, நாலு பாத்திரம். அதை ஏற்ற அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கல்யாணத்தை முடித்து மண்டபத்தைக் காலி பண்ணியிருக்கலாம். பீரோவை ஏற்றினார், இறக்கினார், திருப்பி ஏற்றினார். பிறகு சொம்பை எங்கே வைத்தோம் என்று தேட உள்ளே போனார். டிரைவர் பொறுமையிழந்து ஹாரனை அழுத்தினார்.

காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தாஸ் லாரிக் கதவருகே போய் நின்றான். அவனும் சேர்ந்து கத்தப் போகிறான் என்று நினைத்தேன்.

"அண்ணாத்தே, ஆரன் அடிக்காத. அவரு மெதுவாவே வரட்டும்" என்றான்.